அயர்லாந்து பிரிவி கவுன்சில்: பட்டியலில் இருந்தவர்கள் யார், மேசையில் உட்கார்ந்தவர்கள் யார்?

சுவடிப்பித்தன்:

வணக்கம் நண்பர்களே. கொஞ்ச நாளாக அயர்லாந்து வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய பிரபுக்கள், நீதிபதிகள், பேராயர்கள் பற்றிய குறிப்புகளில் பெயருக்குப் பின்னால் பி.சி. என்று ஓர் ஒட்டு வருகிறது, அதற்குப் பக்கத்திலேயே அயர்லாந்து என்பதன் சுருக்கமும். முதலில் பார்த்தபோது நமக்குப் பழகிய போலீஸ் கான்ஸ்டபிள்தான் நினைவுக்கு வந்தது, ஒரு பேராயர் எதற்கு கான்ஸ்டபிள் ஆனார் என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன், சிரிக்காதீர்கள். பிரிவி கவுன்சிலர், அதாவது ஆட்சிக்கு ஆலோசனை சொல்லும் சபையின் உறுப்பினர் என்பது அப்புறம்தான் புரிந்தது.

இதன் உறுப்பினர்களைத் தமிழில் ஒரு பட்டியலாகத் தொகுக்கலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டாவது நாளே தலை சுற்றிவிட்டது. பேராயரும் இருக்கிறார், படைத்தளபதியும் இருக்கிறார், லண்டனைவிட்டு நகரவே நகராத அரசியல்வாதியும் இருக்கிறார். ஒரே பெயர் அறுபது வருஷ இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது. இது லண்டன் பிரிவி கவுன்சிலின் கிளையா, தனி அமைப்பா? பதவியினால் உறுப்பினர் ஆனார்களா, ஆள் பார்த்துச் சேர்த்தார்களா? உண்மையிலேயே உட்கார்ந்து ஆலோசனை சொன்னார்களா, இல்லை சால்வை போர்த்துகிற மாதிரி ஒரு மரியாதைதானா? அப்புறம் முக்கியமான கேள்வி, அயர்லாந்துக்காரர்கள், அதிலும் கத்தோலிக்கர்கள், அந்த அறைக்குள் எப்போதாவது போக முடிந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைவாசல்:

முதலில் லண்டன் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "பிரிவி கவுன்சில் வரைக்கும் போவேன்" என்று வழக்குப் பைத்தியங்கள் சொல்வார்களே, அது லண்டனில் இருக்கும் நீதிக்குழு. நீங்கள் கேட்பது அது இல்லை. அயர்லாந்துக்கென்று தனியாக ஒரு கவுன்சில் டப்ளினில் இருந்தது. மன்னர் கடல் தாண்டி இருந்ததால் அவருடைய ஆளாக டப்ளினில் ஒருவர் ஆட்சி செய்தார், காலத்துக்குக் காலம் லார்ட் டெபுட்டி என்றும் லார்ட் லெப்டினன்ட் என்றும் பெயர். அவருக்கு ஆலோசனை சொல்லவும், அவர் தலைகால் புரியாமல் ஆடினால் லண்டனுக்குக் கடிதம் போட்டுக் காட்டிக்கொடுக்கவும் இருந்த சபைதான் இது. இரண்டாவது வேலையை முதல் வேலையைவிட அக்கறையாகச் செய்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இடைக்காலத்தில் அதற்கு மன்னரின் கவுன்சில் என்றே பெயர். 1541-ல் எட்டாம் ஹென்றி அயர்லாந்தின் பிரபு என்ற பட்டத்தை விட்டு அயர்லாந்தின் அரசர் ஆன காலத்தை ஒட்டித்தான் பிரிவி கவுன்சில் என்ற உருவம் கெட்டிப்படுகிறது. ஆனால் அதன் பலம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1494-ல் ட்ராஹெடா நகரில் கூடிய பாராளுமன்றம் பாய்னிங்ஸ் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. அதன்படி அயர்லாந்துப் பாராளுமன்றம் கூடுவதென்றாலே, என்னென்ன மசோதா வரப்போகிறது என்பதை டப்ளின் ஆட்சியாளரும் கவுன்சிலும் முதலில் எழுதி லண்டனுக்கு அனுப்பி, அங்கே மன்னரும் அவருடைய கவுன்சிலும் தலையாட்டிய பிறகுதான் கூட முடியும். அதாவது கவுன்சிலர்கள் கையில் பாராளுமன்றத்தின் தொண்டைக்குழி இருந்தது. 1782-ல் சட்டம் திருத்தப்படும் வரை மசோதாக்களை மாற்றவும் அமுக்கவும் இவர்களால் முடிந்தது. வெறும் சால்வை மரியாதை இல்லை என்பதற்கு இதுவே போதும்.

யார் யார் என்றால், பதவியோடு வந்தவர்கள்தான் முதுகெலும்பு. லார்ட் சான்சலர் (நீதித்துறையின் தலைவர்), ஆர்மா பேராயர், டப்ளின் பேராயர், தலைமை நீதிபதிகள், மாஸ்டர் ஆஃப் தி ரோல்ஸ் (சான்சலருக்கு அடுத்த நீதிப் பதவி), கஜானாவைப் பார்த்துக்கொண்ட வைஸ் ட்ரெஷரர், படைத்தளபதி, செயலாளர். இவர்களுக்கும் கவுன்சில் பதவி தானாகக் கிடைத்துவிடாது, பெயர் சொல்லி நியமித்து, வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிய பிறகுதான் நாற்காலி. ஆனால் அந்தந்த வேலையில் இருப்பவரை நியமிப்பது வழக்கமாகிவிட்டது. இவர்களைச் சுற்றி சில பெரிய நிலப்பிரபுக்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பாராளுமன்ற சபாநாயகரும் சேர்ந்துகொள்கிறார்.

நீங்கள் சொன்ன "ஒரே பெயர் திரும்பத் திரும்ப" என்பது ஆடம் லாஃப்டஸாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். மூன்று ஆடம் லாஃப்டஸ் உண்டு. முதலாமவர் டப்ளின் பேராயர், சான்சலர், 1592-ல் தொடங்கிய டிரினிட்டி கல்லூரியின் முதல் தலைவரும் அவரே. இரண்டாமவர் அவருடைய அண்ணன் தம்பி மகன், 1619-லிருந்து சான்சலர், வைகவுன்ட். மூன்றாமவர் முதலாமவரின் பேரன், ராத்ஃபார்ன்ஹம் லாஃப்டஸ், 1636-ல் வைஸ் ட்ரெஷரர். பின்னவர்கள் இருவரும் ஒரே காலத்தவர்கள். பட்டியல் போடுகிறவர்களைக் கொல்வதற்கென்றே பெயர் வைத்த குடும்பம்.

மைக்கூடு:

கோட்டைவாசல் சட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் சண்டையைச் சொல்கிறேன். இந்தக் கவுன்சிலின் உறுப்பினர்களைப் புரிந்துகொள்ள அவர்களுடைய சண்டைகளைவிட நல்ல வழி கிடையாது.

1534 ஜூன் 11. டப்ளினில் செயின்ட் மேரி மடத்தில் கவுன்சில் கூடியிருக்கிறது. கில்டேர் பிரபு லண்டனுக்கு அழைக்கப்பட்டுவிட்டார், அவர் இடத்தில் ஆட்சியைப் பார்த்துக்கொள்பவர் மகன் தாமஸ், இருபது வயதைத் தாண்டிக் கொஞ்சம்தான். அப்பாவை லண்டன் டவர் சிறையில் வைத்துத் தலையை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு வதந்தி. தாமஸ் ஏறக்குறைய 140 குதிரைவீரர்களோடு ஊருக்குள் வருகிறார், வீரர்களின் தலைக்கவசத்தில் பட்டுக் குஞ்சம், அதனால்தான் பட்டுத் தாமஸ் என்று பெயர். நேராகக் கவுன்சில் அறைக்குள் போய் அரச வாளை மேசைமேல் போட்டுவிட்டு, இனி நான் மன்னரின் ஆள் இல்லை, எதிரி என்கிறார். சான்சலராக இருந்த ஆர்மா பேராயர் க்ரோமர் அழுது கெஞ்சிப் பார்க்கிறார். அந்த நேரத்தில் கூட வந்த பாணர் ஒருவர் ஐரிஷ் மொழியில் தாமஸைப் புகழ்ந்து பாட ஆரம்பித்தாராம், கவுன்சிலர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, தாமஸுக்கு ரத்தம் சூடேறிவிட்டது என்று பழைய கதை. நடந்ததோ இல்லையோ, ஆள்கிறவர்களுக்கு ஆளப்படுகிறவர்களின் மொழி தெரியாது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. வதந்தி பொய், அப்பா அப்போது உயிரோடுதான் இருந்தார், சில மாதங்கள் கழித்து டவரிலேயே இறந்தார். முன்னாள் சான்சலரான டப்ளின் பேராயர் ஆலனைத் தாமஸின் ஆட்கள் அடுத்த மாதம் கொன்றார்கள். தாமஸையும் அவருடைய ஐந்து சித்தப்பா பெரியப்பாக்களையும் 1537-ல் லண்டன் டைபர்னில் முடித்துவிட்டார்கள். அந்த மடத்தில் துறவிகள் கூடும் மண்டபம் மட்டும் டப்ளினில் இன்னும் நிற்கிறது.

இதற்குப் பிறகு கில்டேர் குடும்பம் போன்ற உள்ளூர்ப் பெருங்குடும்பங்களிடம் ஆட்சியை விடக்கூடாது என்று லண்டன் முடிவு கட்டுகிறது. கவுன்சிலில் இங்கிலாந்திலிருந்து வந்த அதிகாரிகள் பெருகுகிறார்கள். வந்தவர்களுக்கும் ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை, வந்தவர்களுக்குள்ளேயும் ஒத்துப்போகவில்லை. 1580-களில் ஜான் பெரட் என்று ஒரு லார்ட் டெபுட்டி, கோபத்துக்குப் பேர்போனவர். 1587-ல் கவுன்சில் நடக்கும்போதே வயதான படைத்தலைவர் நிக்கோலஸ் பாகனலோடு வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பாகிவிட்டது. பேராயர் லாஃப்டஸோடும் பெரட்டுக்கு ஆகாது. கடைசியில் ஊருக்குத் திரும்பிய பெரட்மேல் ராஜத்துரோக வழக்கு, 1592-ல் டவரிலேயே மரணம். அவர் பக்கம் நின்ற நிக்கோலஸ் வைட் என்ற மாஸ்டர் ஆஃப் தி ரோல்ஸ், அயர்லாந்திலேயே பிறந்த ஆள், அவரையும் இழுத்துக்கொண்டு போய் லண்டனில் அடைத்தார்கள். கவுன்சிலில் தோற்றால் பதவி மட்டும் போகாது.

எனக்கு மிகவும் பிடித்தது வென்ட்வொர்த் காலம். 1633-ல் லார்ட் டெபுட்டியாக டப்ளின் வருகிறார், பிறகு ஸ்ட்ராஃபோர்ட் பிரபு ஆனவர். அவர் வந்தபோது கவுன்சிலில் யார் இருந்தார்கள் பாருங்கள். கார்க் பிரபு ரிச்சர்ட் பாயில், 1588-ல் கையில் 27 பவுன் 3 ஷில்லிங்கோடு டப்ளினில் இறங்கியதாக அவரே எழுதிவைத்தவர், அதை வைத்து (கூடவே ஒரு வைர மோதிரமும் ஒரு வளையலும்) அயர்லாந்திலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவராக ஆனவர், லார்ட் ட்ரெஷரர். இன்னொருவர் சான்சலர் இரண்டாம் லாஃப்டஸ். மூன்றாமவர் வைஸ் ட்ரெஷரர் மவுண்ட்நோரிஸ். மூன்று பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது, ஆனால் வென்ட்வொர்த் வந்ததும் மூன்று பேருக்கும் ஒரு பொது எதிரி கிடைத்தார்.

பாயில் தன் மனைவிக்காக செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் பலிபீடம் இருக்கவேண்டிய இடத்திலேயே ஒரு பிரம்மாண்ட சமாதிச் சின்னம் எழுப்பியிருந்தார். வென்ட்வொர்த் அதைப் பிரித்து வேறு பக்கம் நகர்த்த வைத்தார். மவுண்ட்நோரிஸ் கதை இன்னும் அபத்தம். வென்ட்வொர்த்துக்குக் காலில் கீல்வாதம். மவுண்ட்நோரிஸின் உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு முக்காலியை நகர்த்தும்போது அந்தக் காலின்மேல் போட்டுவிட்டான். சான்சலர் வீட்டு விருந்தில் இந்தப் பேச்சு வந்தபோது, முன்பு வென்ட்வொர்த் செய்த அவமானத்துக்குப் பழிவாங்கியிருப்பான், ஆனால் அவனுக்கு ஒரு சகோதரன் இருக்கிறான், அவனானால் இதோடு விடமாட்டான் என்கிற அர்த்தத்தில் மவுண்ட்நோரிஸ் ஏதோ சொல்லிவைத்தார். அவருக்குப் படையில் கேப்டன் பதவியும் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு 1635 டிசம்பரில் ராணுவ விசாரணை வைத்து மரண தண்டனை விதித்தார்கள்! நிறைவேற்றவில்லை, பயமுறுத்தத்தான், ஆனால் வைஸ் ட்ரெஷரர் பதவி போனது. அந்தப் பதவிதான் கோட்டைவாசல் சொன்ன மூன்றாம் லாஃப்டஸுக்குப் போனது.

கவுன்சிலர்கள் மறக்கவில்லை. 1641-ல் வென்ட்வொர்த்தை லண்டனில் நிறுத்தி விசாரித்தபோது டப்ளினில் அவர் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது, மவுண்ட்நோரிஸ் விவகாரமும் சேர்த்து. பாயில் சாட்சி சொல்லப் போனார். மே 12-ல் தலை போயிற்று.

சுவடிப்பித்தன்:

அட! நான் ஏதோ வெள்ளை விக் வைத்த தாத்தாக்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தேன். ஆமாம், லாஃப்டஸ்தான், பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள் கோட்டைவாசல். என் பட்டியலில் மூன்று பேரையும் ஒரே ஆளாகப் போட்டு, எண்பது வருஷம் பதவியில் இருந்ததாகக் கணக்கு வந்திருந்தது, நல்ல ஆயுசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கத்தோலிக்கர்கள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? 1700-க்குப் பிறகு இவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் தெரியவில்லை.

கையொப்பம்:

மேலே இருவரும் சொன்னதில் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். யார் உறுப்பினர் என்று பார்க்கிறோம், யார் கையெழுத்துப் போட்டார் என்று பார்ப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பட்டியல் நீளமாகிவிட்டது, வைஸ் ட்ரெஷரர் பதவியை இங்கிலாந்து அரசியல்வாதிகளுக்குச் சம்பளத்துக்காகக் கொடுத்துவிட்டு அவர்கள் அயர்லாந்து மண்ணை மிதிக்காமலே இருந்ததும் உண்டு. அதனால் பட்டியல் ஏமாற்றும். ஆனால் கவுன்சில் ஒரு பிரகடனம் வெளியிட்டால் அதன் அடியில் அன்றைக்கு ஒப்புக்கொண்டவர்களின் பெயர்கள் அச்சாகும். அங்கேதான் உண்மை.

உதாரணத்துக்கு 1724. அதற்கு இரண்டு வருஷம் முன்பு வில்லியம் வுட் என்ற இங்கிலாந்து இரும்பு வியாபாரிக்கு அயர்லாந்துக்குச் செப்புக்காசு அடிக்க உரிமை கொடுத்தார்கள், மொத்தம் 1,00,800 பவுன் மதிப்புக்கு. அயர்லாந்தைக் கேட்கவே இல்லை. செல்லாக்காசைத் தலையில் கட்டுகிறார்கள் என்று நாடே கொதித்தது. துணி வியாபாரி என்ற புனைபெயரில் கடிதங்கள் வந்தன, எழுதியது செயின்ட் பேட்ரிக் பேராலயத்தின் டீன் (தலைமைக் குரு) ஜோனதன் ஸ்விஃப்ட் என்று டப்ளினில் தெரியாத ஆள் கிடையாது. நான்காவது கடிதத்தில் அயர்லாந்து மக்கள் இங்கிலாந்து மக்களைப் போலவே சுதந்திரமானவர்கள் என்று எழுதியதும் லார்ட் லெப்டினன்ட் கார்ட்டரெட்டும் கவுன்சிலும் எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுன் பரிசு என்று பிரகடனம் போட்டார்கள். டப்ளின் பேராயர் வில்லியம் கிங் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அந்த அறையிலேயே மூத்த ஆட்களில் ஒருவர், ஸ்விஃப்ட்டோடு அவருக்கு அவ்வளவு சுமுகமும் கிடையாது, ஆனாலும் போடவில்லை. 300 பவுனுக்கும் ஆள் கிடைக்கவில்லை. அச்சடித்தவரைப் பிடித்தார்கள், ஜூரி குற்றம்சாட்ட மறுத்தது, கவுன்சிலராகவும் இருந்த தலைமை நீதிபதி விட்ஷெட் கோபத்தில் ஜூரியையே கலைத்தார், ஒன்றும் நடக்கவில்லை. 1725-ல் வுட்டின் உரிமையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒரு பெயர் இல்லாமல் போனதை வைத்து ஒரு கவுன்சிலைப் படிக்கலாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இன்னொரு கையெழுத்துத் தாள் 1843 அக்டோபர் 7. கத்தோலிக்கர்களின் தலைவர் டேனியல் ஓ'கானல் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை டப்ளினை ஒட்டிய க்ளான்டார்ஃபில் மாபெரும் கூட்டம் வைத்திருக்கிறார். லட்சக்கணக்கில் வருவார்கள், பலர் ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள். சனிக்கிழமை பிற்பகலில், அவ்வளவு தாமதமாக, லார்ட் லெப்டினன்டும் கவுன்சிலும் தடைப் பிரகடனம் ஒட்டுகிறார்கள். ஓ'கானல் ரத்தம் சிந்த வேண்டாம் என்று கூட்டத்தைக் கைவிட்டார், வழியெல்லாம் ஆள் அனுப்பி மக்களைத் திருப்பினார்கள். பாராளுமன்றம் 1801-லேயே லண்டனோடு கலந்துவிட்டது, ஆனால் கவுன்சில் மட்டும் கலையாமல் டப்ளின் கோட்டையில் இருந்துகொண்டு இந்த மாதிரி வேலைக்குப் பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் முகம் பெரும்பாலும் தடையும் உத்தரவும்தான்.

பெயரை அடித்து எடுத்ததும் உண்டு. ஹென்றி க்ராட்டன், 1782-ல் பாய்னிங்ஸ் சட்டத்தின் பிடியைத் தளர்த்தப் போராடியவர், அடுத்த வருஷமே கவுன்சிலில் சேர்த்தார்கள். 1798-ல் கிளர்ச்சி வெடித்தபோது கலகக்காரர்களோடு தொடர்பு என்று சந்தேகப்பட்டு அவர் பெயரை நீக்கினார்கள், 1806-ல் திரும்பச் சேர்த்தார்கள். பட்டியலில் ஒரே தேதி போட்டால் இவரை எங்கே வைப்பீர்கள்?

பச்சைத்தாள்:

கத்தோலிக்கர்கள் பற்றி நான் சொல்கிறேன், எல்லாரும் அந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துப் போகிறீர்கள்.

சட்டத்தில் கத்தோலிக்கர் கூடாது என்று நேரடியாக எழுதவேண்டிய தேவையே இல்லை. திருச்சபைக்கு மன்னரே தலைவர் என்று சத்தியம் செய்யவேண்டும், மனசாட்சியுள்ள கத்தோலிக்கரால் அது முடியாது, கதை முடிந்தது. பதினாறாம் நூற்றாண்டில் இதை அவ்வளவு கறாராகப் பார்க்கவில்லை, உள்மனதில் பழைய மதத்தோடு இருந்தவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட கவுன்சிலர்கள் இருந்தார்கள். பிறகு இறுகிவிட்டது. கேலிக் (பூர்வீக ஐரிஷ்) வம்சத்தவரே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், தோமண்ட் பிரபு டொனோ ஓ'பிரையன் இருந்தார், மன்ஸ்டர் மாகாணத்துக்கே தலைவராகவும் ஆனார். ஆனால் அவர் புராட்டஸ்டன்ட் ஆகி மன்னர் பக்கம் உறுதியாக நின்றவர். வாசல் திறந்துதான் இருந்தது, உள்ளே வருகிறவர் பாதி ஆளை வெளியே விட்டுவிட்டு வரவேண்டும்.

1686-ல் ஒரு திருப்பம். இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கர், அவர் அந்தச் சத்தியத்தைத் தள்ளுபடி செய்து கத்தோலிக்கர்களைக் கவுன்சிலில் உட்கார வைத்தார். முன்னால் நின்றவர் டிர்கானல் பிரபு ரிச்சர்ட் டால்பட், மறுவருஷம் அவரே ஆட்சித்தலைவர். கூடவே நூஜென்ட், டேலி, ரைஸ் என்று கத்தோலிக்க நீதிபதிகள். நாலைந்து வருஷம்தான். 1690-ல் பாய்ன் நதிக்கரையில் ஜேம்ஸ் தோற்று ஓடியதோடு எல்லாம் முடிந்தது. அதற்கப்புறம் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு, நாட்டில் பெரும்பான்மையாக இருந்த மக்களில் ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை. மைக்கூடு சொன்ன சண்டைகளெல்லாம் சுவாரசியம்தான், மறுக்கவில்லை, ஆனால் எல்லாம் ஒரே கூட்டத்துக்குள் நடந்த பங்காளிச் சண்டை.

1829-ல் கத்தோலிக்கர்களுக்குப் பாராளுமன்றமும் பதவிகளும் திறந்தன. 1830-களில் மைக்கேல் ஓ'லோக்லன் சொலிசிட்டர் ஜெனரல், அட்டர்னி ஜெனரல், நீதிபதி என்று வரிசையாக ஏறினார், கவுன்சிலிலும் இடம் பிடித்தார். அப்போதும் லார்ட் சான்சலர் நாற்காலிக்குத் தடை இருந்தது. 1867-ல் சட்டம் மாற்றி, 1868-ல் தாமஸ் ஓ'ஹேகன் அதில் உட்கார்ந்தார். லார்ட் லெப்டினன்ட் பதவி? அது 1921 வரைக்கும் காத்திருக்கவேண்டியிருந்தது. ஃபிட்ஸ்ஆலன் பிரபு, ஜேம்ஸ் காலத்துக்குப் பின் முதல் கத்தோலிக்கர், அவர்தான் கடைசி ஆளும்கூட.

மைக்கூடு:

பங்காளிச் சண்டை, சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பங்காளிகள் ஒரு ராத்திரி எப்படி நடுங்கினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1641 அக்டோபர் 22, ஓவன் ஓ'கானலி என்று ஒருவர் குடிபோதையில் தள்ளாடிக்கொண்டு லார்ட் லெப்டினன்ட் ஊரில் இல்லாதபோது ஆட்சியைப் பார்த்துக்கொண்ட லார்ட் ஜஸ்டிஸ் பார்சன்ஸ் வீட்டுக்கு வந்து, விடிந்தால் டப்ளின் கோட்டையைப் பிடிக்கப்போகிறார்கள் என்றார். பார்சன்ஸ் முதலில் நம்பவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் கவுன்சிலைக் கூட்டிக் கதவுகளை அடைத்தார்கள். கோட்டை தப்பியது, ஆனால் வடக்கே அல்ஸ்டர் மாகாணம் முழுக்க எழுந்துவிட்டது. வெளியே இருந்தவர்கள் உள்ளே வருவதற்கு வேறு வழி விட்டுவைக்காததன் விலை அது என்று நீங்கள் சொல்வீர்கள், எனக்கும் மறுப்பு இல்லை.

கோட்டைவாசல்:

முடிவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பட்டியலை எந்த வருஷத்தோடு நிறுத்துவது என்று சுவடிப்பித்தன் அடுத்து கேட்பார்.

1920-ல் அயர்லாந்தை இரண்டாகப் பிரிக்கும் சட்டம் வந்தது. அதில் தெற்குப் பகுதிக்கு 64 பேர் கொண்ட ஒரு செனட், அதில் 8 இடம் பிரிவி கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்ள. காகிதத்தில் அழகு. 1921 ஜூனில் அந்தப் பாராளுமன்றத்தின் கீழ்சபை கூடியபோது வந்தவர்கள் 4 பேர், டிரினிட்டி கல்லூரித் தொகுதியின் உறுப்பினர்கள். மற்றவர்கள் தனிக் குடியரசு கேட்ட ஷின் ஃபைன் கட்சி, அவர்கள் வருவார்களா? வடக்கில் பிரதமர் ஜேம்ஸ் கிரெய்கும் அமைச்சர்களும் பதவியேற்றபோது அவர்கள் அயர்லாந்து பிரிவி கவுன்சிலின் நிர்வாகக் குழு என்ற பெயரில்தான் ஆட்சி செய்யவேண்டியிருந்தது, அதனால் அவர்கள் பெயரும் உங்கள் பட்டியலில் வரும்.

1922 ஜனவரி 16-ல் டப்ளின் கோட்டையில், அதே பிரிவி கவுன்சில் அறையில், விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸும் சகாக்களும் ஃபிட்ஸ்ஆலனைச் சந்தித்து ஆட்சியை வாங்கிக்கொண்டார்கள். காலின்ஸ் ஏழு நிமிஷம் தாமதமாக வந்தார், எழுநூறு வருஷம் காத்திருந்தோம், ஏழு நிமிஷம் நீங்கள் காத்திருக்கக்கூடாதா என்று கேட்டார் என்று ஒரு கதை சுற்றுகிறது. யாரோ பிறகு கட்டிவிட்டது போலத்தான் தெரிகிறது, ஆனால் விட மனசு வரவில்லை. டிசம்பர் 6-ல் தெற்கில் ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட் என்ற தன்னாட்சி நாடு பிறந்தது. வட அயர்லாந்துக்கென்று புதிதாகத் தனி பிரிவி கவுன்சில் அமைந்தது, 1972-ல் லண்டன் நேரடி ஆட்சி வந்த பிறகு அதற்கும் புதிய ஆட்களைச் சேர்க்கவில்லை. பழைய அயர்லாந்துக் கவுன்சிலை யாரும் மணியடித்துக் கலைக்கவில்லை. வேலை இல்லை, கூட்டம் இல்லை, புது ஆள் இல்லை. இருந்தவர்கள் ரைட் ஆனரபிள் என்ற அடைமொழியோடு வயதாகி ஒவ்வொருவராகப் போனார்கள். வட அயர்லாந்துக் கவுன்சில் உறுப்பினர்களைத் தனிப் பட்டியலாக வையுங்கள், பலர் கலந்துவிடுகிறார்கள்.

ஆவணம் தேடினால் ஏமாற்றம் நிச்சயம். 1711-ல் டப்ளின் எசெக்ஸ் தெருவில் இருந்த கவுன்சில் அலுவலகம் தீயில் போயிற்று. மிச்சமிருந்த அரசு ஆவணங்களில் பெரும்பகுதி 1922 ஜூன் 30-ல், உள்நாட்டுப் போரின்போது, ஆவணக் காப்பகம் இருந்த ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் வெடித்தபோது வானத்தில் பறந்தது. 1556 முதல் 1571 வரைக்கான ஒரு கவுன்சில் பதிவேடு தனியார் சேகரிப்பு வழியாகத் தப்பி ராயல் ஐரிஷ் அகாடமியில் இருக்கிறது. மற்றபடி லண்டனுக்குப் போன கடிதங்கள்தான் கதி. ஒருவரை ஒருவர் போட்டுக்கொடுத்து எழுதிக்கொண்டே இருந்தார்களே, அதற்கு நாம் நன்றி சொல்லவேண்டும்.

சுவடிப்பித்தன்:

எல்லாருக்கும் நன்றி. ஒரே பட்டியல் என்ற யோசனையைக் கைவிட்டேன். நியமனத் தேதி ஒரு பத்தி, நீக்கம் அல்லது மறுநியமனம் இன்னொரு பத்தி (க்ராட்டனுக்காக), எந்தப் பிரகடனத்தில் கையெழுத்து இருக்கிறது என்பதற்கு ஒரு பத்தி, பச்சைத்தாள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க மதத்துக்கு ஒரு பத்தி. முதலில் 1724-லிருந்து ஆரம்பிக்கிறேன், கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார் என்று வரிசையாக எழுதி, பேராயர் கிங் பெயர் இருக்கவேண்டிய கட்டத்தைக் காலியாக விடப்போகிறேன். லாஃப்டஸ்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டாயிற்று. நான்காவதாக ஒருவர் இருந்தால் தயவுசெய்து இப்போதே சொல்லிவிடுங்கள்.